பிளஸ் டூ வகுப்பறையும் எம்.ஏ. பட்டமும்

உளுந்தூர்பேட்டை நகரத்தின் அரசு மேல்நிலைப் பள்ளியானாலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியானாலும், பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிப்பவரும் பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிப்பவரும் அரசு விதிகளின்படி இரு வேறு பதவிகளைச் சேர்ந்தவர்கள். முன்னவர் பட்டதாரி ஆசிரியர்; பள்ளி வளாகப் பேச்சில் ‘பி.டி.’ பின்னவர் முதுகலை ஆசிரியர், அதாவது ‘பி.ஜி.’ பி.டி. ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் இளங்கலைப் பட்டமும் பி.எட். என்னும் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றியும் வேண்டும், பி.ஜி. ஆசிரியருக்கு இவற்றுள் தகுதித் தேர்வு தேவையில்லை, ஆனால் எம்.ஏ. கட்டாயம். ஒரே கட்டடத்தில், ஒரே மாணவர்களுக்கு, ஓர் ஆண்டு இடைவெளியில் கற்பிக்கும் இருவருக்கு இடையே ஒரு பட்டத்தின் வேறுபாடு ஏன் விதிக்கப்பட்டது என்னும் கேள்விக்கு, பிளஸ் டூ எனப்படும் மேல்நிலை வகுப்பு ஒரு காலத்தில் பள்ளியைச் சேர்ந்ததாகவே இருக்கவில்லை என்பதுதான் விடை.

இன்றைய பிளஸ் டூவின் முன்னோடி கல்லூரியில் இருந்தது. பழைய சென்னை மாகாணத்தில் பள்ளியிறுதி முடித்தவர்கள் கல்லூரியில் ‘இன்டர்மீடியட்’ என்னும் இரண்டாண்டுப் படிப்பை முடித்த பிறகே பி.ஏ. வகுப்பில் சேர முடிந்தது. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53-இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, இன்டர்மீடியட்டைக் கலைத்து அதன் ஓர் ஆண்டைப் பள்ளிக்கும் மற்றோர் ஆண்டைப் பட்டப்படிப்புக்கும் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைத்தது. அதையொட்டி 1950-களின் பிற்பகுதியில், பள்ளியில் பதினோராம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, பின்னர் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்னும் ஏற்பாடு வந்தது. பி.யூ.சி. என்று பெரியவர்கள் இன்றும் நினைவுகூரும் இந்த ஓராண்டு, கிராமத்து மாணவருக்கு உண்மையில் ஊர் விட்டு ஊர் போகும் ஆண்டாகவே இருந்தது. உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் மேலே படிக்க வேண்டுமானால் விழுப்புரம், விருத்தாசலம், கடலூர், சிதம்பரம் என்று கல்லூரி உள்ள ஊரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. பணமும் தங்குமிடமும் ஒரு புறமிருக்க, பாடமொழி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிய அதிர்ச்சியில் அந்த ஓராண்டிலேயே படிப்பை விட்டவர்கள் பலர்.

கோத்தாரி ஆணையம் (1964–66) நாடு முழுவதற்கும் பத்து, இரண்டு, மூன்று என்னும் ஆண்டுக் கணக்கை முன்வைத்தது; 1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசின் காலத்தில், 1978–79 கல்வியாண்டில், மேல்நிலைக் கல்வி என்னும் பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. புகுமுக வகுப்பு மறைந்தது. முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980 மார்ச்சில் நடைபெற்றது. கல்லூரி ஆசிரியர் கையிலிருந்த வகுப்பு பள்ளி ஆசிரியர் கைக்கு வந்தபோது, கல்லூரி ஆசிரியரின் அடிப்படைத் தகுதியான முதுகலைப் பட்டமும் அதனுடன் கூடவே பள்ளிக்கு வந்தது. கல்லூரி விரிவுரையாளருக்கு இருந்த குறைவான பாடவேளைகள், துறை நூலகம், அதே பாடத்தில் பேசிக்கொள்ளப் பத்துச் சக ஆசிரியர்கள் ஆகியவை வரவில்லை. பிளஸ் டூ ஆங்கிலத்தின் அரை நூற்றாண்டுச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த அரைகுறை இடப்பெயர்ச்சியில் தொடங்குகிறது எனலாம்.

தகுதியின் இன்றைய வடிவம் இது. மத்திய அரசின் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த விதிப்படி, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கற்பிப்பவர் உரிய பாடத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பணியிடங்களில் ஒரு பாதி பி.டி. ஆசிரியர்களின் பதவி உயர்வாலும், மறு பாதி 1987-இல் உருவாக்கப்பட்ட ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வாலும் நிரப்பப்படுகின்றன. டி.ஆர்.பி. என்று அழைக்கப்படும் இந்த வாரியத்தின் முதன்மைத் தாளில் 150 வினாக்கள்; அவற்றுள் 110 பாடத்திலிருந்தும், 30 கல்வியியலிலிருந்தும், 10 பொது அறிவிலிருந்தும் கேட்கப்படுகின்றன. அரசுப் பணிகளில் சேர்வோர் அனைவருக்கும் தமிழறிவு வேண்டும் என்னும் அரசின் முடிவுக்கிணங்க, 50 மதிப்பெண்ணுக்கான தமிழ்த் தகுதித் தாளும் இப்போது சேர்ந்துள்ளது. அதில் 20 மதிப்பெண் பெறாதவரின் முதன்மைத் தாள் திருத்தப்படுவதில்லை.

ஆங்கிலத்துக்கான பாடத்திட்டம் சாசர் காலத்தில் தொடங்கி, ஷேக்ஸ்பியர், புனைவியல் கவிஞர்கள், விக்டோரியா காலம், இருபதாம் நூற்றாண்டு, அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம், மொழியியல், திறனாய்வு என்று விரிகிறது. முதுகலைப் படிப்பின் அகலம் முழுவதையும் அது தொட்டுவிடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லா வினாக்களும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. நேர்முகத் தேர்வு கிடையாது. வெற்றி பெற்றவர் நேரே சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுகிறார். ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஒருவர், தேர்வின் எந்தக் கட்டத்திலும் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதவோ ஐந்து நிமிடம் பேசவோ தேவையில்லாமலே பணி ஆணையைப் பெற்றுவிட முடியும். சிபாரிசுக்கும் பாரபட்சத்துக்கும் இடம் தராத முறை இது என்பதால் இதை எளிதில் குறை சொல்லிவிட முடியாது. நேர்முகத் தேர்வின் மதிப்பெண்களைச் சுற்றி எழக்கூடிய புகார்களை நினைத்தால், எந்திரம் திருத்தும் விடைத்தாளை நாடுவதில் நியாயம் உண்டு. எனினும், எழுத்துத் திறனையும் பேச்சுத் திறனையும் அளக்காத தேர்வு, அவற்றைச் சான்றளிக்கும் பொறுப்பை எம்.ஏ. பட்டத்தின் மீதே முழுவதும் சுமத்திவிடுகிறது.

அந்தப் பட்டம் எப்படிப் பெறப்பட்டது என்பது இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை தனி வரலாறு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரமோ 1993 வரை, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதி. அதே தென்னாற்காட்டின் சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மேல்நிலைக் கல்வி தொடங்கிய அடுத்த ஆண்டே, 1979-இல், தொலைநிலைக் கல்வி இயக்ககத்தைத் தொடங்கியது. வேலையை விடாமல், வீட்டுக்கு வரும் பாடக் கட்டுகளைப் படித்து, விடுமுறை நாள்களில் நேரடி வகுப்புகளுக்குச் சென்று எம்.ஏ. முடிக்கும் வழியை அது திறந்துவிட்டது. இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து பி.டி. ஆவதும், பி.டி. அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்து பி.ஜி. ஆவதும் ஆசிரியர் குடும்பங்களில் வழக்கமான வாழ்க்கைப் பாதையாயின. கிராமப்புறப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் பரவியதற்கு அஞ்சல் வழிப் பட்டதாரிகள் பெருந்துணையாக இருந்தார்கள் என்பதை மறுப்பது நன்றியில்லாச் செயல்.

அதே பாதையில் சிக்கல்களும் முளைத்தன. கணிதத்திலோ வரலாற்றிலோ இளங்கலை முடித்து, ஆங்கிலத்தில் முதுகலை பெற்றவர் ‘கிராஸ் மேஜர்’ என்றும், இரு பட்டங்களையும் ஒரே பாடத்தில் பெற்றவர் ‘சேம் மேஜர்’ என்றும் ஆசிரியர் வட்டாரத்தில் அழைக்கப்படுகிறார்கள். மூன்றாண்டு ஆங்கில இலக்கியம் படித்தவருக்கும், ஆங்கில இலக்கியத்தை முதன்முதலாக எம்.ஏ. பாடக் கட்டில் சந்தித்தவருக்கும் பதவி உயர்வில் ஒரே இடம் தரலாமா என்னும் சண்டை நீதிமன்றப் படிகள் வரை சென்றது. இளங்கலைப் பட்டம் இல்லாமலேயே திறந்தநிலை முறையில் முதுகலை பெற்றவர்களின் நிலையும் ஐயத்துக்குள்ளானது. பள்ளி, பிளஸ் டூ, இளங்கலை என்னும் படிவரிசையைத் தாண்டி நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2022 மார்ச்சில், அப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரையில்தான் ஒப்புதல் இருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. படித்த பாடமும் எழுதிய தேர்வும் மாறாமல் இருக்க, ஒப்புதல் கடிதத்தின் தேதியைப் பொறுத்து ஒருவரின் தகுதி தோன்றுவதும் மறைவதும், சான்றிதழையே முழு ஆதாரமாகக் கொள்ளும் முறையின் பலவீனத்தைக் காட்டுகின்றன.

அண்டை மாநிலங்கள் இதே வகுப்பை வேறு விதமாக ஏற்பாடு செய்துகொண்டன. ஆந்திரம் 1971-இல் இன்டர்மீடியட் வாரியத்தை அமைத்து, பதினொன்று, பன்னிரண்டாம் ஆண்டுகளை ‘ஜூனியர் காலேஜ்’ என்னும் தனி நிறுவனத்தில் வைத்தது. அங்கே கற்பிப்பவர் ஆசிரியர் என்றில்லாமல் விரிவுரையாளர் என்றே அழைக்கப்படுகிறார். கர்நாடகத்திலும் பி.யூ.சி. என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. கேரளம் ‘பிரி டிகிரி’ வகுப்பைக் கல்லூரிகளிலிருந்து படிப்படியாகவே விலக்கி, 2000–01-இல்தான் முழுவதும் பள்ளிக்கு மாற்றியது, அங்கு எம்.ஏ., பி.எட். ஆகியவற்றுடன் மேல்நிலை ஆசிரியருக்கென்றே நடத்தப்படும் மாநிலத் தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும்.

அமெரிக்காவில் இதன் மறுதலையான ஏற்பாடு வளர்ந்துள்ளது. அங்கே வகுப்பு கல்லூரியின் பெயரிலேயே இருக்கிறது; நடப்பது மட்டும் பள்ளியில். உயர்நிலைப் பள்ளி மாணவர் தம் பள்ளி ஆசிரியரிடமே கல்லூரி முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைப் படித்து, அதற்கான மதிப்பை ஓர் உண்மையான கல்லூரியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இரட்டைப் பதிவு, இரட்டை மதிப்பு என்றெல்லாம் அழைக்கப்படும் இம்முறையைத் தொடக்கத்திலேயே கையாண்டவற்றுள் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் ஒன்று. 1973-இல் அது பள்ளிகளில் வகுப்புகளைத் தொடங்கியது. மினசோட்டா மாநிலம் 1985-இல் சட்டமே இயற்றி, பள்ளி மாணவர் அரசு செலவில் கல்லூரிப் பாடம் படிக்க வழி செய்தது. கல்லூரிக் கட்டணம் குடும்பங்களை நசுக்கும் நாட்டில், பள்ளியிலேயே ஓர் ஆண்டுப் பாடத்தை முடித்துவிடும் வாய்ப்புக்குப் பெற்றோரிடம் வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை.

வகுப்பு கல்லூரியுடையது என்றால் ஆசிரியரும் கல்லூரித் தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்னும் வாதம் அங்கும் எழுந்தது. சிகாகோவில் தலைமையகம் கொண்டு, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கல்லூரிகளுக்குத் தர ஒப்புதல் அளிக்கும் உயர்கல்வி ஆணையம், 2015-இல் ஒரு வரையறையைத் தெளிவுபடுத்தியது: கற்பிக்கும் பாடத்திலேயே முதுகலைப் பட்டம் வேண்டும், வேறு பாடத்தில் முதுகலை பெற்றிருந்தால், கற்பிக்கும் பாடத்தில் முதுகலை நிலையில் குறைந்தது 18 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வகுப்பைக் குறிக்கும் அலகு. ஒரு பாடத்துக்கு வழக்கமாக மூன்று கிரெடிட் என்பதால், 18 கிரெடிட் என்பது ஆறு பாடங்கள். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலர் வைத்திருந்தது எம்.எட். பட்டம், அது கல்வியியலைச் சேர்ந்தது, ஆங்கிலத்தைச் சேர்ந்ததன்று. இருபது ஆண்டுகளாகக் கல்லூரி நிலை ஆங்கிலத்தைத் திறம்படக் கற்பித்து வந்தவர்களும் ஒரே அறிவிப்பில் தகுதியற்றவர்களாயினர். அவர்களுக்காகவே பல பல்கலைக்கழகங்கள், கோடை விடுமுறையிலும் இணையவழியிலும் படித்து முடிக்கத்தக்க 18 கிரெடிட் முதுநிலைச் சான்றிதழ் படிப்புகளை ஆங்கிலத்தில் தொடங்கின. மாற்று ஆசிரியர் கிடைக்காத கிராமப்புறப் பள்ளிகளின் முறையீட்டால் கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2023-இல் ஆணையமே அந்தக் கணக்கைத் தளர்த்தி, ஆசிரியரின் தகுதியை அளவிடும் பொறுப்பைப் பெரிதும் கல்லூரிகளிடமே விட்டது.

அமெரிக்காவிலேயே இதற்கு மாற்றான வழியும் உண்டு. 1950-களில் தோன்றிய ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்னும் திட்டத்தில் ஆசிரியரின் பட்டத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டு முடிவில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வை மாணவர் எழுதுகிறார், அந்த மதிப்பெண்ணைக் கொண்டு கல்லூரி முடிவு செய்கிறது. ஒன்று ஆசிரியரின் சான்றிதழை நம்புகிறது, மற்றது மாணவரின் விடைத்தாளை நம்புகிறது. தமிழ்நாடு இரண்டையும் கேட்கிறது: ஆசிரியருக்கு எம்.ஏ. வேண்டும், மாணவருக்குப் பொதுத் தேர்வும் வேண்டும். இரண்டையும் கேட்டும், பிளஸ் டூ ஆங்கிலத்தில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் கல்லூரியின் முதலாண்டில் பகுதி இரண்டு ஆங்கிலத்தைத் தொடக்கத்திலிருந்தே படித்தாக வேண்டும் என்பது யாரையும் உறுத்தாத விந்தை. 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, பன்னிரண்டாம் வகுப்பை நான்காம் நிலையாகவும் கல்லூரி முதலாண்டை நாலரையாகவும் ஒரே ஏணியில் வைத்து, 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. பள்ளியில் படித்ததைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கலாமா என்னும் அமெரிக்கக் கேள்வி இந்தியாவுக்கு வந்து சேரும் வாயில் இதுவாக இருக்கலாம்.

சான்றிதழின் எடையைப் பற்றி இவ்வளவு பேசியபின், அந்தச் சான்றிதழின் உள்ளடக்கம் வகுப்பறைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் என்பது பெரும்பாலும் இலக்கியப் படிப்பு. பதினொன்றாம் வகுப்பில் ஆசிரியர் எதிர்கொள்வதோ, ஆங்கில வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதத் தடுமாறும், வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிப் படிப்பைத் தாண்டும் மாணவரை. மில்டனைப் படித்தவரால் இம்மாணவருக்குக் கற்பிக்க முடியாது என்பதன்று. மில்டனைப் படித்தது அதற்கு எவ்வகையிலும் உதவவில்லை என்பதே. பி.எட். இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினாலும், ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கு அதில் ஒதுக்கப்படும் இடம் சிறிது.

மொழி கற்பித்தலைத் தனிக் கலையாக வளர்க்கும் முயற்சிகள் இந்த மண்ணுக்குப் புதியவையல்ல. 1960-களின் தொடக்கத்தில் சென்னை மாநிலம், ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பிறருக்குத் தர, அவர்கள் மேலும் பலருக்குத் தர, இப்படியே 27,000 ஆசிரியர்களை எட்ட முயன்றது. உருள உருளப் பெரிதாகும் பனிப்பந்தை நினைவூட்டியதால், ஆங்கிலக் கற்பித்தல் உலகில் அது ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் பெற்றது. படிக்குப் படி கைமாறும்போது பயிற்சியின் சாரம் நீர்த்துப்போகும் என்பது இத்தகைய திட்டங்களின் நிரந்தர ஆபத்து. பின்னர் 1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, இலக்கண விதிகளைச் சொல்லித் தராமல், வரைபடம் பார்த்தல், ரயில் கால அட்டவணையிலிருந்து விடை கண்டறிதல் போன்ற பணிகளைத் தந்து, அவற்றைச் செய்யும்போதே மொழி படியும்படி விடும் சோதனையை நடத்தினார். பெங்களூரின் பெயரால் உலகப் புகழ் பெற்ற அந்தத் திட்டத்தின் பள்ளிகள் இருந்த ஊர்களில் கடலூரும் ஒன்று. தென்னாற்காட்டின் தலைநகரில் சோதிக்கப்பட்ட முறை இன்று உலகெங்கும் ஆங்கிலக் கற்பித்தல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அதே மண்ணின் பிளஸ் டூ வகுப்பில், சாத்தியமான வினாக்களுக்கு விடை மனப்பாடம் செய்விப்பதே முதன்மைப் பணியாக நிற்கிறது.

ஆங்கில ஆசிரியருக்கென்றே அமைந்த முதுநிலைச் சான்றிதழும் இந்தியாவில் இல்லாமலில்லை. ஐதராபாத்தில் 1958-இல் தொடங்கப்பட்டு, 2007-இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக மாறிய நிறுவனம், ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழையும், அதை முடித்தவருக்கு அடுத்த படியாக முதுநிலைப் பட்டயத்தையும் தொலைநிலையில் வழங்கி வந்துள்ளது. தென்மாநிலங்களுக்காக 1963-இல் பெங்களூரில் அமைந்த வட்டார ஆங்கில நிறுவனம், மாநில அரசுகள் அனுப்பும் ஆசிரியர்களுக்கு 30 நாள் பயிற்சி தருகிறது. ஒலியியல், மொழித்திறன் மதிப்பீடு, பாடப்பொருள் தயாரிப்பு என்று எம்.ஏ. தொடாத இடங்களை இவை தொடுகின்றன. ஆனால் டி.ஆர்.பி.யின் தகுதிப் பட்டியலில் எம்.ஏ. இடத்தை இச்சான்றிதழ் பிடிக்க முடியாது. வேலைக்கும் உதவாத, பதவி உயர்வுக்கும் உதவாத சான்றிதழை, வாரம் முழுவதும் வகுப்பெடுக்கும் ஆசிரியர் எதற்காகப் படிப்பார்?

முன்பு ஒரு காரணம் இருந்தது. பணிக்குத் தேவையானதற்கு மேல் படித்தவருக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது, அதற்காகவே எம்.எட்., எம்.ஃபில். படித்தவர்கள் ஆசிரியர் சமூகத்தில் ஏராளம். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அதை நிறுத்தியது. பெயருக்குப் படித்து, அச்சடித்த ஆய்வேட்டைக் கொடுத்து ஊதியம் பெற்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் பாடத்தைத் தொடர்ந்து படிக்க ஆசிரியருக்கு அரசு தந்த முக்கியத் தூண்டுதலும் அத்துடன் போயிற்று. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பையே கைவிட்டதால், எம்.ஏ.வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே ஆசிரியர் ஏறக்கூடிய படி எதுவும் மீதமில்லை.

கல்வராயன் மலைக்கு வரும்போது இந்தக் கேள்விகள் இன்னும் கடினமாகின்றன. பணியிடம் ஒதுக்கும் கலந்தாய்வில் ஆசிரியர்கள் பொதுவாக முதலில் தெரிந்தெடுப்பது, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையைப் போல் பேருந்து வசதியுள்ள ஊர்களை. மலைப் பணியிடங்கள் கடைசிவரை காத்திருக்கின்றன. நிரந்தர ஆசிரியர் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நியமிக்கப்படும் முதுகலை ஆசிரியருக்கு, 2022-இல் உயர்த்தப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய். ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு பி.ஜி. ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து அவரைப் பெங்களூருக்கு 30 நாள் அனுப்பினால், அந்த ஒரு மாதம் இரு வகுப்புகளும் ஆங்கிலமின்றி நிற்கும். ஆகவே பயிற்சி அதிகம் தேவைப்படும் பள்ளியின் ஆசிரியரே பயிற்சிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மிகக் குறைந்தவராகிறார். தற்காலிக நியமனத்துக்கான அதே விதியை, பயிற்சிக்குச் செல்பவரின் இடத்துக்கும் ஒரு மாதத்துக்கு விரிவுபடுத்தினால் ஒரு பள்ளிக்கு ஆகும் செலவு அந்த 18,000 ரூபாய்தான், எம்.ஏ. முடித்து, பி.எட். முடித்து, டி.ஆர்.பி. அறிவிப்புக்காகக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் பஞ்சமில்லை.